ஃபைல் திறக்காத நாட்கள்

என் மகள் பிரான்சுக்குப் போன பிறகு, என் போனுக்கு அவளாகவே கூப்பிட்ட முதல் நாளில், பாகூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் எடை ஐந்நூற்று எண்பத்தைந்து கிலோவாக இருந்தது.

அதற்கு முன்பு கூப்பிடாமல் இல்லை. அவள் தன் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவாள். ரசத்துக்குப் புளி எவ்வளவு, குளிருக்கு முடி கொட்டுகிறது, எதிர்வீட்டுப் பையனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, பந்தியில் கடைசி ஆளுக்கு மிஞ்சிய பாயசம் மாதிரி போன் என் கைக்கு வரும். "நல்லா இருக்கியாப்பா?" என்பாள். "நல்லா இருக்கேம்மா, நீ?" என்பேன். "ம்." நான் ஒரு ஜோக் அடிப்பேன். அவள் சிரிப்பாள். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். மகளிடம் பேச என்னிடம் ஜோக்கைத் தவிர வேறு சரக்கு இல்லை என்பதே அவள் விமானம் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் இருந்த காலத்தில் பேச்சு தேவைப்படவில்லை. காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வில்லியனூர் பஸ் நிற்கிற இடத்தில் இறக்கிவிட்டால் போதும், அப்பா வேலை முடிந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே வாழ்ந்துவிட்டேன்.

அன்றைக்கு என் போனே அடித்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறித்தான் எடுத்தேன். நமக்குச் சாயங்காலம், அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"யப்பா, ஒரு அம்மா ஐநூத்தி எண்பத்தஞ்சு கிலோன்னு காட்டுதுப்பா."

"கரும்பு டிராக்டரோட சேத்து எடை போட்டியாம்மா?"

"விளையாடாதப்பா. நெறைய பேர் இப்படித்தான் இருக்காங்க. அறுநூறு, எழுநூறுன்னு."

"எல்லாருமேவா?"

"இல்ல. அறுபதுன்னு இருக்கறவங்க அறுபதாவே இருக்காங்க. அரைக் கிலோ, இருநூறு கிராம்னு ஒட்டிக்கினு இருக்குது பாரு, அவங்கதான் பூதம் மாதிரி ஆயிட்டாங்க."

அவள் ஆராய்ச்சி செய்வது நம் ஊர்ப் பெண்களின் முழங்கால் வலி, இடுப்பு வலி பற்றி. பாகூர், ஏம்பலம், அபிஷேகப்பாக்கம் என்று ஊர் ஊராகப் போய், நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களைக் கேட்டு, எடை போட்டு, எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வலி இங்கே, டாக்டர் பட்டம் அங்கே. அந்த விவரங்களை அங்கே வாங்கிய லேப்டாப்பில் ஏற்றி, புள்ளியியல் சாஃப்ட்வேருக்குள் இழுக்கும்போதுதான் இந்த பூதங்கள் கிளம்பின.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் பிரிவில் இருக்கிறேன். சொல்லிக்கொள்ளப் பெரிய பேர்தான். மேல்படிப்புப் படிக்கிற டாக்டர்கள் எக்செல்லில் கொண்டுவரும் ஃபைலை சாஃப்ட்வேர் வாங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதன் வாயைத் திறந்து ஊட்டிவிடுகிற ஆயா வேலைதான் என்னுடையது. ஒரு டாக்டர் சர்க்கரை நோயாளிகளுக்கு எல்லாம் மஞ்சள் கலர் அடித்துக் கொண்டுவருவார். சாஃப்ட்வேருக்குக் கண் கிடையாது சார் என்று சொன்னால் வருத்தப்படுவார். இன்னொருவர் வயது என்கிற இடத்தில் "வயசானவர்" என்று போட்டிருப்பார். இருபது வருஷமாக இதைச் செய்கிறேன். இவ்வளவு நாளில் என் வேலையைப் பற்றி என் மகள் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் தூங்கிவிடுவாள் என்று எனக்கே தெரியும்.

அதனால் அன்றைக்கு என் நெஞ்சு கொஞ்சம் அகலமானது உண்மை.

"உன் லேப்டாப் பிரெஞ்சு பேசுதும்மா. அந்த ஊருல தசமப் புள்ளி கெடையாது. புள்ளி வைக்கற எடத்துல கமா வைப்பாங்க. ஐம்பத்தெட்டரைய ஐம்பத்தெட்டு கமா அஞ்சுன்னு எழுதி வச்சிருக்குது. உன் சாஃப்ட்வேர் இங்கிலீஷ்காரன். அவனுக்குக் கமான்னா ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு நடுவுல போடற சும்மா அலங்காரம். புடுங்கிப் போட்டுட்டான். ஐம்பத்தெட்டு, அஞ்சு ரெண்டும் ஒட்டிக்கிச்சி."

உள்ளே இழுக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும், தசமத்துக்கு என்ன குறி என்று அதில் கேட்கும், கமா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு நிமிஷத்து வேலை. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கொம்யூனில் பிறந்து கொம்யூன் பஞ்சாயத்துக்கு வரி கட்டி வளர்ந்தும் கொம்யூன் என்கிற ஒரு வார்த்தையைத் தவிர எனக்குப் பிரெஞ்சு வராமல் போன கதையைச் சொன்னேன். இங்கிலீஷ்காரன் புள்ளியையும் பிரெஞ்சுக்காரன் கமாவையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டதாக நானே ஒரு சரித்திரம் ஜோடித்தேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். ஏதோ மென்றுகொண்டிருந்தாள். ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. என் மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அதற்காகவே இன்னும் ஒரு நூற்றாண்டு சரித்திரத்தைச் சேர்த்தேன்.

கடைசியில் அவளே சொன்னாள். "யப்பா, கமாவ மாத்திட்டேன். அப்பவே சரியாயிடுச்சி."

"எப்ப?"

"நீ ஏதோ கப்பல் வந்து நின்னதுன்னு சொன்னப்ப."

அவள் போனை வைத்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்திருந்ததாக என் மனைவி இன்றைக்கும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய். கொஞ்ச நேரம்தான்.

அடுத்த தடவை ஊர்ப் பேர்கள் காணாமல் போயின. அவள் ஊர்ப் பேர்களைத் தமிழில் அடித்து வைத்திருந்தாள். சாஃப்ட்வேருக்குள் போனதும் எல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாக நின்றன.

"பாகூரும் கேள்விக்குறி, ஏம்பலமும் கேள்விக்குறி. எது எந்த ஊருன்னே தெரியலப்பா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எழுத்தை எந்த முறையில் படிக்கவேண்டும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். யூடிஎஃப் எட்டு என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடு என்றேன். இந்த முறை நான் சரித்திரம் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

"ஏம்பலம். பாகூர். அபிஷேகப்பாக்கம். கரிக்கலாம்பாக்கம். மறுபடியும் ஏம்பலம்."

பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற மாதிரித்தான் இருந்தது. நான் ஏதாவது கிண்டல் செய்திருக்கவேண்டும். அவள் பட்டியல் முடியும்வரை படித்தாள். ஒரே ஊர் எத்தனையோ தடவை வந்தது. நிறுத்து என்று நானும் சொல்லவில்லை.

இதற்குள் வீட்டில் அரசியல் ஆரம்பித்திருந்தது. போன் அடித்தால் என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள், "யாருக்கு? எனக்கா, ஃபைலுக்கா?" ஃபைலுக்கு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"ஃபைலு கெட்டுப்போனா உங்களுக்குப் பொண்ணு. நல்லா இருந்தா எனக்குப் பொண்ணு. இது இன்னா நியாயம்ங்க?"

"நான் இன்னா, கெடுத்தா வுடறேன்?"

"கெட்டாத் தேவலன்னு சாமி கும்புடறீங்களே, அதுக்கு இன்னா பேரு?"

சாமி கும்பிட்டது கிடையாது. ஆனால் போன் வராத வாரத்தில், கல்லூரியில் யாராவது ஒரு டாக்டர் உடைந்த ஃபைலோடு உள்ளே வந்தால் அந்த ஃபைல் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. நீ ஏன் இங்கே உடைகிறாய், அங்கே போய் உடையக் கூடாதா என்று.

ஐப்பசியில் பெரிய போன் வந்தது. அவள் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி டிக்கெட்டும் போட்டிருந்தாள். போனதற்குப் பிறகு முதல் தடவை. என் மனைவி அரிசி மாவு அரைக்கிற இடம், முறுக்குக்கு ஆள் எல்லாம் பேசி வைத்தாயிற்று. இப்போது அவளுடைய பேராசிரியை அம்மா ஒரு கட்டையைப் போட்டுவிட்டாராம். அவள் போன பிறகு இங்கே எடுத்த இரண்டாவது சுற்று விவரங்களும் முதல் சுற்றோடு சேர்ந்து சரியாக ஓடினால்தான் லீவு; இல்லையென்றால் பொங்கலும் கிடையாது ஒன்றும் கிடையாது, உட்கார்ந்து சரி செய்.

"அது ஓடலப்பா" என்றாள். "குனிஞ்சி வேல செய்யற நேரம்னு எக்செல்ல ஒரு கட்டம் இருக்குது பாரு. ஒரு நாளைக்கி எத்தினி மணி நேரம்னு. அதுல ஒருத்தங்களுக்கு நாப்பத்தஞ்சாயிரத்து நானூத்தி சொச்சம் மணி நேரம்னு வருது."

நான் சிரிக்கவில்லை. டிக்கெட் கேன்சல் என்கிற வார்த்தை காதில் நின்றுகொண்டிருந்தது.

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்பது எனக்குப் பழைய சிநேகிதன். எக்செல் தேதியை அப்படித்தான் உள்ளே எண்ணாக வைத்திருக்கும். தேதியாக மாற்றிப் பார்த்தால் மே நாலு என்று வந்தது. அடுத்த பெண்மணிக்கு ஜூன் ஐந்து. அடுத்தவருக்கு மார்ச் இரண்டு. எத்தனை மணி நேரம் குனிகிறாய் அம்மா என்று கேட்டால், மே நாலாம் தேதி என்று எதற்குச் சொல்லவேண்டும்? நானும் என் இருபது வருஷ அனுபவமும் ஒரு நாள் பூராவும் முழித்தோம். மே மாதத்தில் அந்த ஊர்களில் ஏதாவது திருவிழாவா என்றுகூட யோசித்தேன்.

அந்த இரண்டாவது சுற்றை எடுத்தது அபிஷேகப்பாக்கத்து அக்கா ஒருவர். முன்பு களைக்குப் போனவர், இப்போது இந்த மாதிரி சர்வே வேலைகளுக்குப் போகிறார். என் மகள் கிளம்பும்போது தன் பழைய லேப்டாப்பை அவரிடம் கொடுத்து, அடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. வழியில் ஒரு மழை, போய்ச் சேர்ந்ததும் ஒரு மழை.

"வா சாரு. பாப்பா வந்துடுச்சா?"

"பாப்பா வரணும்னா நீதான் வழி வுடணும்க்கா" என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். "மணி நேரம் கேட்டா, மே நாலுன்னு ஏன் போட்ட?"

"நான் எங்க மே போட்டேன்? நாலஞ்சுன்னு போட்டேன்."

"நாலஞ்சா?"

"அவங்க நாலஞ்சு மணி நேரம் குனிவேன்னாங்க. நாலு, நடுவுல ஒரு கோடு, அஞ்சு. அப்படி அடிச்சேன். அடிச்சதும் அதுவா மே, ஜூன்னு மாத்திச்சி. பாப்பாவோட லேப்டாப்பு. பாப்பா ஏதோ செட் பண்ணி வச்சிட்டுப் போயிருக்குது, காரணமாத்தான் மாத்துதுன்னு நெனச்சேன்."

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் கோடு போட்டால் எக்செல் அதை நாலாம் தேதி ஐந்தாம் மாதம் என்று எடுத்துக்கொள்ளும். கல்லூரியில் இதைப் பற்றி வருஷத்துக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். ஆனால் காலையில் புறப்படும்போதுதான் மனைவியிடம் நாலஞ்சு இட்லி வை என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். இட்லிக்கு வந்த புத்தி ஃபைலுக்கு வரவில்லை.

நம் ஆட்கள் யாரும் ஒரு எண் சொல்லமாட்டோம். ரெண்டு மூணு, நாலஞ்சு, அஞ்சாறு. எப்போதும் சின்னது முன்னால், பெரியது பின்னால். அஞ்சு நாலு என்று ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் தேதியாகத் திரிந்து போனதையும் பிரித்து எடுத்துவிடலாம், நாளும் மாதமும்தான் அந்த இரண்டு எண். அக்கா வீட்டு வாசலில் இருந்தே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே காலை நேரம், தூக்கக் குரலில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் தூக்கம் போய்விட்டது.

"சரிப்பா, பிரிச்சி எடுத்தா நாலும் அஞ்சும் வரும். எதப் போடறது? நாலா, அஞ்சா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா போனைப் பார்த்துச் சொன்னார். "களைக்குப் போறவ கையில கடியாரமா கட்டிக்கினு போறா பாப்பா? தலைக்கு மேல வெயில் வந்தா நிமுருவோம். மோட நாளுன்னா அதுவும் தெரியாது."

"நாலரைன்னு போட்டுக்கட்டுமாக்கா?"

"போட்டுக்கோ. நாலரையும் நாலஞ்சுக்குள்ளதான இருக்குது."

"எல்லாருக்கும் அப்படியே போட்டு, ஏன் போட்டேன்னு கீழ எழுதிடறேம்பா. அது போதும்."

"எழுது எழுது" என்றார் அக்கா. "அப்புறம் எப்ப வர?"

"பொங்கலுக்கு வந்துடுவேங்க்கா."

"வா. சுண்ணாம்பு வாளைக் கருவாடு எடுத்து வைக்கறேன். அந்த ஊருல இன்னா துன்றியோ, முகமே சரியில்லன்னு உங்க அப்பா சொன்னாரு."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

அந்த வாரம் நான் அந்த ஃபைலைத் துடைத்தது மாதிரி எந்த டாக்டரின் ஃபைலையும் துடைத்ததில்லை. தேதிகளைப் பிரித்தேன், நடுவெண் எடுத்தேன், பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைக்கூட விடவில்லை. மகளைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகிற காரைக் கழுவுகிறவன் மாதிரி தேய்த்தேன். அனுப்பி வைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. "ஓடிடுச்சிப்பா. ஒரு எர்ரர் கூட இல்ல."

அதற்குப் பிறகு என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. எர்ரர் இல்லையே. என் மனைவி போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பாயசம் மறுபடியும் கடைசி ஆளுக்கு வந்தது. இருந்தாலும் வருத்தமில்லை, ஆள்தான் நேரிலேயே வரப்போகிறதே.

மார்கழி பாதியில் ஒரு நாள் மழை விட்டு நல்ல வெயில். என் மனைவி மகளின் மெத்தையை மொட்டை மாடிக்கு ஏற்றி வைத்துவிட்டு, வேளைக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க என்று என்னிடம் ஒப்படைத்திருந்தாள். நான் திருப்பிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது.

"இன்னாம்மா, எது ஒடஞ்சிது?"

"ஒண்ணும் ஒடயலப்பா" என்றாள். "மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம்ப்பா. நம்ம நாலஞ்சு விஷயத்த எல்லார்கிட்டயும் சொல்றாங்க. ஜனவரில ஒரு பெரிய கூட்டம் இருக்குது. என்னைய வந்து பேசச் சொல்றாங்க. பொங்கல் அன்னிக்குத்தான்."

நான் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"முடியாதுன்னு சொல்லலாம்ப்பா. நீ சொல்லு. நீ வேணாம்னா நான் சொல்லிடறேன்."

"போம்மா. இங்க வந்தா உங்க அம்மா உன்ன மாடு கழுவ வுட்டுடுவா."

எங்களிடம் மாடு கிடையாது. அவள் சிரிக்கவில்லை.

"யப்பா, நெஜமா சொல்லு."

ஃபைல் நன்றாக இருந்ததால் அவள் வரவில்லை. அதை அவ்வளவு நன்றாக ஆக்கியவனும் நான்தான். இதில் ஒரு நல்ல ஜோக் இருக்கிறது, எனக்கே தெரிகிறது, வாய்வரை வந்தும்விட்டது. நான் மெத்தையைக் கீழே விட்டேன்.

"நீ போகத்தான் வேணும்மா. அத வுட்டுடாத" என்றேன். "ஆனா நீ வந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கு உன்னப் பாக்கணும் போல இருக்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எனக்குந்தாம்ப்பா" என்றாள். "இப்ப இன்னா பண்ற?"

"உன் மெத்தையத் திருப்பிப் போட்டுக்கினு இருக்கேன்."

"அங்க வெயிலா?"

"நல்ல வெயிலு."

"இங்க பாத்து எத்தினியோ நாளாவுது. வீடியோல காட்டு."

காட்டினேன். கைப்பிடிச் சுவர், எதிர்வீட்டுத் தென்னை, தண்ணீர்த் தொட்டி, நடுவில் பூப்போட்ட மெத்தை. அசைக்காதப்பா, அப்படியே பிடி என்றாள். பிடித்தேன். திரையில் அவள் முகம் பக்கத்தில் வந்தது. தலையில் கம்பளிக் குல்லாய், கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் கை வலிக்க ஆரம்பித்தது. மற்றொரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

படியேறி வந்த என் மனைவி என்னையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மெத்தைய போட்டோ புடிக்கறீங்க?"

"உம் பொண்ணு வெயில் காயறா" என்றேன்.

அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. பொங்கலுக்கு ஆள் வரவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். கையிலிருந்த மிளகாய் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, போய் மெத்தையின் நுனியில் உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, போனைப் பார்த்தாள்.